கிணற்று மூச்சும் கடல் மூச்சும்

கடல் கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அடியில் ஆள் அனுப்பும் தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். நாமக்கல்லில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் உப்புத் தண்ணீரைத் தொட அரை நாள் ஆகும். நமக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் மேட்டூர் அணைதான். அதிலும் கோடையில் தண்ணீரைவிடத் தரை அதிகம். இருந்தும் நம் அலுவலகப் போன் ஓயாமல் அடிக்கிறது. கோழிப்பண்ணைக்காரர், ரிக் வண்டிக்காரர், லாரிக்கு பாடி கட்டுகிறவர், எல்லோருக்கும் மீனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி நிர்வாகம் என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடம் குழுக்களை அழைத்துப் போனவன் என்பது உண்மை. அந்தப் பன்னிரண்டு வருடமும் தண்ணீரைக் கண்டு நடுங்கியவன் என்பதும் உண்மை. கடைசியில் காது டாக்டர் என் செவிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் தலைக்குக் குளிப்பதற்கே யோசிக்க வேண்டும் என்றார். அன்று வீட்டில் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிலிண்டரை எப்படி மாட்டுவது, கையால் என்ன சைகை காட்டுவது, காதடைப்பை எப்போது எடுப்பது எல்லாம் உங்கள் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. அதை நான் திரும்பச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பயணத்தை. அதில் நான் செய்த காரியத்தை நீங்கள் செய்யக் கூடாது. செய்யக் கூடாத ஒன்றை ஏன் செய்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் மாதக் கணக்கு. அந்தமான் பக்கம் தை தொடங்கிச் சித்திரை வரை கடல் நல்ல பிள்ளை. தண்ணீர் தெளிந்து கிடக்கும், கீழே கிடக்கும் கல் மேலே இருந்தே தெரியும். வைகாசிக்குப் பிறகு மழைக்காற்று ஏறிவிட்டால் ஐப்பசி வரை அதன் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். காலையில் ஒரு முகம், மத்தியானம் ஒரு முகம்.

இப்போது நம் ஆட்களின் மாதக் கணக்கைப் பாருங்கள். தை முதல் சித்திரை வரை ரிக் வண்டி ஒரு நாள் நிற்காது. ஊரெல்லாம் தண்ணீர் வற்றினால்தானே போர் போடுகிறவனுக்குத் தொழில். மழை பிடித்த பிறகுதான் வண்டி வீடு திரும்பும். லாரிப் பட்டறைக்கு ஆடியில் தூக்கம். ஆடியில் யார் புது வண்டி எடுக்கிறார்கள். கோழிப்பண்ணைக்குப் புரட்டாசி; பாதித் தமிழ்நாடு முட்டையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடும். ஆக, நம் சமவெளிக்கு ஓய்வு கிடைக்கிற மாதமெல்லாம் கடல் வேலையாக இருக்கிற மாதம். இந்த மாதம் வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்கள். வேறு எப்போது வருவது என்று அவர் கேட்பார். இரண்டுமே நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்.

அடுத்தது அனுபவம். நீச்சல் தெரியுமா என்று நம் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள்; நம் பக்கத்தில் அது மரியாதைக் குறைவான கேள்வி. முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி அங்கிருந்து குதித்தவர்கள். கிணற்றடியில் யார் பெரிய நீச்சல்காரன் என்று தகராறு வந்தால், அதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. தலைகீழாக முங்கி அடிவரைக்கும் போய், ஒரு கைப்பிடி சேறு அள்ளி வந்து மேலே நிற்பவர்களுக்குக் காட்ட வேண்டும். வெறுங்கையோடு வந்தால் பாதியில் திரும்பியவன் என்று பெயர். சேற்றோடு வந்தவன் அடுத்த பத்து வருடத்துக்கு மண் எடுத்தவன். இதற்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சை அடக்கத் தெரிந்தால் போதும்.

சிலிண்டரோடு கடலில் இறங்குகிறவன் செய்யவே கூடாத காரியமும் அதுதான். கிணற்றில் நீங்கள் கொண்டுபோவது மேலே வாங்கிய மூச்சு. அடியில் அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். சிலிண்டரில் இருந்து அடியில் வாங்கிய மூச்சு அப்படியில்லை. அதை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் ஏற ஏற அது விரியும், நெஞ்சுக்குள் இடம் போதாது, நுரையீரல் கிழியும். அதனால் நீச்சலே தெரியாத ஒருவரைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. பயந்துகொண்டு, சொன்னபடி புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டே வந்துவிடுவார். மண் எடுத்தவர் வந்தால்தான் எனக்குக் கவலை.

அர்த்தநாரி அண்ணன் மண் எடுத்தவர்.

திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியும் தோள் சரியாத உடம்பு; ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் தேய்ந்துபோகும் என்பது போன்ற வாய். அவருடைய ஊரில் எந்தக் கிணற்றின் அடியில் பாறை, எதில் களிமண் என்று அவரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்த்தவர். இனி மண் எடுக்க ஊரில் கிணறு பாக்கியில்லை என்ற நிலையில், கடலில் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தன் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார். மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்றையும் பையில் வைத்திருந்தார். அங்கே கடலில் இருந்து எதையும் எடுத்துவரக் கூடாது, சட்டம் இருக்கிறது என்று சொன்னேன்.

"ஒரு கை மண்ணுதானுங்க தம்பி. கடலுக்குக் கொறஞ்சா போயிரும்" என்றார்.

புரட்டாசி கடைசி. மழையில் ரிக் வண்டிகள் வீட்டுக்கு வந்திருந்தன. அவர் மனைவி சரஸ்வதி அக்காவின் தம்பி கந்தசாமிக்குக் கோழிப்பண்ணை. முட்டை விலை விழுந்து அவரும் சும்மா இருந்தார். இப்படி உறவுக்காரர்கள் எட்டுப் பேர் கிளம்பினார்கள். கடலில் இறங்குவது அண்ணனும் கந்தசாமியும் மட்டும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க.

சென்னைக்குப் போகிற வேனில் நான் வழக்கம்போல் என் கச்சேரியை ஆரம்பித்தேன். முதன்முதலில் ஸ்கூபா கற்றுக்கொண்டபோது இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கப் பார்த்த கதை. பயிற்சியாளரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அது பவளப்பாறை என்று நினைத்ததாகச் சமாளித்த கதை. ஒரு மீன் என்னைப் பார்த்துப் பயப்படுவதற்குள் நான் அதைப் பார்த்துப் பயந்து படகேறிய கதை. எல்லாம் நடந்தவைதான், கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தாளித்திருந்தேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்வரை வண்டி சிரித்துக்கொண்டே போனது. இதில் என்ன தப்பு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மழையால் விமானம் ஒரு நாள் தள்ளிப்போனது. தீவில் எங்களுக்கு மிஞ்சியது மூன்று நாள். முதல் நாள் கரையோரத்தில் பயிற்சி. இரண்டாம் நாள் கடல். மூன்றாம் நாள் தரையில் சும்மா இருக்க வேண்டும். கடலில் முங்கி எழுந்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பது உங்கள் கையேட்டிலும் இருக்கிறது. மறுநாள் காலை ஊருக்கு விமானம். ஆகவே முங்குவதானால் இரண்டாம் நாள் காலைதான்.

எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஒரு பெண். ராமநாதபுரம் பக்கத்தில் இருந்து தீவுக்குக் குடிபோன குடும்பத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் வேலையில் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் அவர் சொன்னது. கெட்டதெல்லாம் சொந்தச் சம்பாத்தியம். நம் ஆட்கள் அவரை அம்மணி என்று கூப்பிட்டார்கள். முதலில் முறைத்தார், அது மரியாதைதான் என்று நான் சொன்னதும் விட்டுவிட்டார்.

கழுத்தளவுத் தண்ணீரில் கந்தசாமி கொதிக்கிற உலை மாதிரி குமிழி விட்டார். அண்ணனோ அமைதியாக, அழகாக உட்கார்ந்திருந்தார். பார்க்க அவர்தான் தேர்ந்தவர் மாதிரி இருந்தது. பயிற்சி முடிந்ததும் அம்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட குமிழி வரலை."

வருகிறது, கொஞ்சம் மெதுவாக வருகிறது என்றேன்.

"சும்மா இருக்கும்போது வருது. முகக்கண்ணாடிக்குள்ள துளி தண்ணி போனா நிறுத்திடறார். ஆறு தடவை பார்த்தேன். ஆறு தடவையும் மூச்சை அடக்கிட்டு மேலே பார்க்கிறார்."

இன்னொரு நாள் கரையோரத்தில் பழக வேண்டும் என்றார். நாள் இல்லை என்றேன். அவர் கடலைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரைப் போல அது அசைந்துகொண்டிருந்தது. அப்போது அவர் சொன்னதைத்தான் அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

"கடல் முழுசா நல்லா இருந்தா ஆள் அரைகுறையா இருக்கலாம், நான் பார்த்துக்குவேன். ஆள் முழுசாத் தெரிஞ்சவரா இருந்தா கடல் அரைகுறையா இருக்கலாம், அவரே பார்த்துக்குவார். ரெண்டும் அரைகுறைன்னா கரையில உக்காரணும். நாளைக்குக் கடலைப் பத்தி நான் சொல்றேன். ஆளைப் பத்தி நீங்க சொல்லுங்க. உங்க ஊர்க்காரர், உங்களுக்குத்தான் தெரியும்."

சாயங்காலம் விடுதி வராந்தாவில் சரஸ்வதி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஒண்ணு சொல்றனுங்க, அவருகிட்டச் சொல்லீராதீங்க. அவரு தண்ணிக்குள்ள போனா மூச்சு உடமாட்டாருங்க. கெணத்துல பாத்திருக்கறன். மேல வந்தப்பறமும் கொஞ்ச நேரத்துக்கு உடமாட்டாரு. ஊட்டுல எங்கூடச் சண்டை வந்தாலும் அப்படித்தானுங்க, மூஞ்சி செவந்து நிப்பாரு. சொல்லிக் குடுத்து மாத்தற சமாச்சாரமில்லீங்க அது."

நீங்களே அவரிடம் சொல்லலாமே என்றேன்.

"நாஞ் சொன்னா ரெண்டு மடங்கு ஆழத்துக்குப் போவாருங்க."

அது உண்மை என்று எனக்கும் தெரிந்தது. ஆக, அன்று இரவு படுக்கும்போது எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்திருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு முடிவெடுக்க அதற்குமேல் என்ன வேண்டும். முதுகெலும்பு வேண்டும். அதுதான் என்னிடம் அன்று இருப்பில் இல்லை.

காலையில் கடற்கரையில் அம்மணி கேட்டார். கடல் பாதிதான் சரி, அடியில் கலங்கல் இருக்கும். ஆள் எப்படி என்றார். எட்டுப் பேரும் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் அந்தக் கண்ணாடி பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டேன். அதைவிடப் பொறுப்பில்லாத சொல் நம் பேச்சில் கிடையாது. அம்மணி என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படகில் ஏறினார்.

படகு அரை மணி நேரம் போனது. இறங்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தியதும் அலை எங்களை முறத்தில் போட்டுப் புடைப்பது மாதிரி புடைத்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் புது மழைக்குப் பிறகு வாய்க்காலில் வருமே, அந்த நிறம். எனக்குள் ஒருவன் அலறினான். ஆனால் அவன் எப்போதுமே அலறுகிறவன். தெளிந்த தண்ணீரிலும் அலறுவான், நீச்சல்குளத்திலும் அலறுவான். கோழையின் பெரிய கஷ்டம் இதுதான் பாருங்கள்: தினமும் பயப்படுகிறவனுக்கு, உண்மையிலேயே பயப்பட வேண்டிய நாள் எது என்று தெரியாது. இன்றைக்கு இது கடல் சொல்கிறதா, என் தொடை சொல்கிறதா என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் வாயைத் திறந்தேன். "அண்ணா, இன்னைக்கு வேண்டாமுங்க. தண்ணி கலங்கிக் கெடக்குதுங்க."

கந்தசாமி சிலிண்டரை மாட்டிக்கொண்டே சொன்னார். "இவரு வாளித் தண்ணியப் பாத்தாலே லைப் ஜாக்கெட் கேக்கற ஆளுங்க மாமா. நீங்க கண்ணாடிய மாட்டுங்க."

படகு முழுக்கச் சிரித்தது. இதில் கேவலம் என்னவென்றால் நானும் சிரித்தேன். பழக்கம். நல்ல அடி விழுந்தால் கைதட்டுவது என் தொழில் தர்மம். சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் என் பயத்தை விற்றுத் தீர்த்துவிட்டேன். இப்போது உண்மையான பயத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆளில்லை.

அண்ணன் படகின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தார். வாயில் வைக்க வேண்டிய குழாய் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தன்னை மறந்து, கண்ணை மூடி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். விட்டார். இன்னொன்று இழுத்தார். விட்டார். மூன்றாவதை இழுத்து நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. நானும் கிணற்றடியில் வளர்ந்தவன்தான். அது எனக்குத் தெரிந்த மூச்சு. மோட்டார் ரூம் கூரைமேல் நின்று, கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மண் எடுக்கப் போகிறவன் இழுக்கிற மூச்சு. இந்த மனிதர் கடலுக்குள் இறங்கவில்லை, தன் கிணற்றுக்குள் இறங்கப்போகிறார். அடிக்குப் போவார், மண்ணை அள்ளுவார், அங்கே ஒரு இழுப்பு இழுத்து அடக்கிக்கொண்டு, கையைத் தூக்கியபடி நேராக மேலே வருவார். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிடும்.

என் தொடை நடுக்கம் நின்றுவிட்டது. அதில் இருந்துதான் தெரிந்தது, இந்தத் தடவை பயம் எனக்காக இல்லை என்று.

செய்ய வேண்டியது என்ன? அம்மணியிடம் போய், ஆள் சரியில்லை, என் தப்பு, திருப்புங்கள் என்று சொல்ல வேண்டும். ஐந்து சொல். நான் செய்தது என்ன? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகின் பலகையில் சாய்ந்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். சொல்லை மதிக்காதவர்கள் உடம்பை மதிப்பார்கள் என்று ஏதோ ஒரு கணக்கு. ஐயோ, அம்மா என்று இரண்டு முனகல் முனகினேன். கந்தசாமி இதற்கும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சரஸ்வதி அக்கா முந்திக்கொண்டு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, வலது மார்பைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையை எடுத்து இடது பக்கத்தில் வைத்தார்.

"வண்டியத் திருப்புங்க" என்று படகோட்டியிடம் சத்தமாகச் சொன்னார். "ஆளு வேர்த்துப்போச்சு."

இதுவரை நடந்தது நாடகம். இதற்குப் பிறகு நடந்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியாது. படகு திரும்பிய கணத்தில், மூச்சு முட்டுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. விரல்கள் மரத்துப்போயின. கால் தனியாக ஆடியது. ஒருவேளை பொய் சொன்ன பாவத்துக்கு நிஜமாகவே வந்துவிட்டதோ என்று நினைத்ததும் இன்னும் முட்டியது. நடிப்பு என்று கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அம்மணி ஆக்சிஜன் முகமூடியை என் மூக்கில் அழுத்தினார். அவர் சொன்னது கேட்டது. மூச்சை வெளியே விடு, விடு, அடக்காதே. ஊருக்கெல்லாம் அந்தப் பாடத்தைச் சொன்னவன் நான். பலகையில் மல்லாந்து கிடந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவனும் நானே.

தீவின் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். இதயம் குதிரை மாதிரி இருக்கிறது, பயம்தான், போய் இட்லி சாப்பிடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே வந்து பார்த்தால் வெயில். கடல் கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி வழவழவென்று கிடந்தது. மத்தியானம் போன வேறொரு குழு, ஆமையோடு எடுத்த வீடியோவைக் காட்டிக்கொண்டே கரையேறியது. கந்தசாமி அந்த வீடியோவை மூன்று தடவை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

நீங்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளை இறக்கி ஏதாவது ஆனால் சாட்சி இருக்கும். இறக்காமல் விட்டால் ஒரு சாட்சியும் இருக்காது. ஆமை வீடியோ மட்டும் இருக்கும்.

அம்மணி மறுநாள் விடுதிக்கு வந்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை.

"இனிமே என் படகுல நெஞ்சைப் பிடிக்காதீங்க. அந்த ஆக்சிஜன் நிஜமா வேண்டியவங்களுக்கு வச்சிருக்கிறது. நேத்து அந்தப் பக்கம் இன்னொருத்தருக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றார். "வேண்டாம்னு உங்களால சொல்ல முடியலைன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் இயந்திரத்தை ஓட்டவே விடமாட்டேன். கெட்ட பேர் எனக்கு வரட்டும், நான் உங்க ஊர்ல பொண்ணு எடுக்கப் போறதில்லை."

வேலையில் எனக்குக் கிடைத்த திட்டுகளில் இதைவிட நியாயமானது இல்லை. நான் அன்று தடுத்தது சரி. தடுத்த விதம் தப்பு. அதற்குமுன், காலையிலேயே கரையில் சொல்லாமல் விட்டது பெரிய தப்பு. சிரிப்புக் காட்டுவதற்கு நான் எதிரியில்லை. வேனில் யாராவது சிரிக்க வைக்காவிட்டால் சென்னை வரவே வராது. ஆனால் உங்கள் பயத்தை மட்டும் விற்காதீர்கள். என்றைக்காவது ஒரு நாள் அது உங்களுக்குத் தேவைப்படும். நான் அதற்குப் பிறகு வேனில் மாமியார் கதை சொல்ல ஆரம்பித்தேன். படகில் வேண்டாம் என்று சொன்னால் ஒரு தடவைதான் சொல்வேன், சிரிக்காமல் சொல்வேன். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, முகம் வலித்தது.

ஊர் திரும்பும்போது அர்த்தநாரி அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் விமான நிலையத்தில் என் பையைப் பிடுங்கி அவரே தூக்கிக்கொண்டார். வெயிட் தூக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் தள்ளிப்போனது.

மாசி மாதம் அவரே போன் செய்தார். வண்டிகளை மகன் பார்த்துக்கொள்வான், பத்து நாள் தங்கிப் பழகிக்கொள்கிறேன் என்றார். நல்ல மாதத்தில், தொழில் ஓடுகிற மாதத்தில், ரிக் வண்டிக்காரர் ஒருவர் கிளம்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மணி அவரை நான்கு நாள் கரையோரத்திலேயே வைத்திருந்தார். ஐந்தாம் நாள் கடல். நானும் உடையை மாட்டப் போனேன். இதயக்காரன் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அண்ணன் பிடித்து உட்கார வைத்துவிட்டார். படகில் இருந்தே பார்த்தேன். கண்ணாடித் தண்ணீர், குமிழிகள் சரம் சரமாக வந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் ஒரு சரம் நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். எத்தனை எண்ணினேன் என்று கேட்காதீர்கள், நடுவில் தப்பித் தப்பி எண்ணினேன். பிறகு ஒரு பெரிய குமிழி, அதன் பின்னால் சின்னது சின்னதாக.

மேலே வந்த அம்மணி சொன்னார். கண்ணாடிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அண்ணன் மூச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்து உதைத்திருக்கிறார். இரண்டு கை தூரத்தில் இருந்த அம்மணி அதைப் பார்த்து, தோள்பட்டையைப் பிடித்து அமுக்கி, அவர் முகத்துக்கு நேரே தான் குமிழி விட்டுக் காட்டியிருக்கிறார், அவரும் விடும்வரைக்கும்.

"இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது, பிடிச்சேன்" என்றார். "அன்னைக்கு இருந்த தண்ணியில என் கையே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அண்ணனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, மண்ணெல்லாம் ஞாபகமே வரவில்லை, மீன்தான் இத்தனை இருக்கிறது என்றார். அத்தனை நீளமாக அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

போன வருடம் அவர்கள் குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். கறிக்குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. பரிமாறுகிற பையன் வாளியோடு என் இலைக்கு வந்தபோது, அர்த்தநாரி அண்ணன் எங்கிருந்தோ வந்து அவன் கையைப் பிடித்தார்.

"இவருக்கு வேண்டாம். ஹார்ட்டுக்காரரு. ரசம் மட்டும் ஊத்து."

பக்கத்து இலைக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். திருச்செங்கோட்டு வட்டாரத்தில் நான் பல வருடமாக இதய நோயாளி. எந்த விசேஷத்திலும் எனக்கு முட்டை கிடையாது, கறி கிடையாது, மாடிப்படி கிடையாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பந்தியிலும் நினைப்பேன். சொன்னால் அவர் இன்னொரு கேள்வி கேட்பார்: அப்படியானால் எதற்காக அன்று படகைத் திருப்பினாய். அதற்குப் பதில் சொன்னால், அவர் மூச்சைப் பற்றி எனக்குச் சொன்னது யார் என்று வரும். அதனால் ரசத்துக்குக் காத்திருந்தேன்.

சரஸ்வதி அக்கா சமையல் பக்கத்தில் இருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்து வாய் வரைக்கும் வெள்ளைச் சோறு. புருசனைத் தாண்டி வந்து, குனிந்து, கிண்ணத்தை என் இலையில் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"வெறுஞ் சோறுதானுங்க" என்றார், அவருக்கும் கேட்கிற மாதிரி. "மெதுவாச் சாப்புடுங்க சாமி."

அண்ணன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பந்திக்கு ஆள் கூப்பிடப் போனார். நான் சோற்றை ஓரமாக விலக்கினேன். அடியில் ஆறு துண்டு கறி இருந்தது, ஆவி பறக்க.